ஊதாத கல்யாணத்து அச்சாரம்

எந்த ராஜா ஆண்டான் என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பக்கிரி என்றொரு நாகசுரக்காரன் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவன் கதையைக் கேளுங்கள்.

கோயில் மேளக்காரர்களுக்கு மாதம் தவறாமல் நெல் அளப்பார்கள். பக்கிரி எந்தக் கோயிலிலும் சேரவில்லை. கூப்பிட்ட இடத்தில் ஊதுவான், கொடுத்ததை வாங்குவான். தை பிறந்தால் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம், பை நிறையும். ஆடி வந்தால் கல்யாணம் கிடையாது, பை சுருங்கும். வருஷா வருஷம் இப்படித்தான் என்று ஊருக்கே தெரியும். பக்கிரிக்கு மட்டும் ஒவ்வோர் ஆடியும் புதிதாகவே வந்தது.

அந்த ஆடியில், ஆவணிக் கல்யாணத்துக்கு அச்சாரம் கொடுக்க எண்ணெய் வியாபாரி வந்தார். வெற்றிலை பாக்கோடு பத்துப் பணம் வைத்தார்.

"ஏங்க, இன்னும் ஊதாத கல்யாணத்துக் காசு இது. ஒரு பானையில தனியாப் போட்டு வைப்போம்" என்றாள் மனைவி அஞ்சுகம்.

"கைக்கு வந்துட்டா நம்ம காசுதான் அஞ்சுகம். ஆவணியில ஊதத்தானே போறேன்?" என்றான் பக்கிரி. அந்தப் பத்துப் பணத்தில் காதுக்குக் கடுக்கன் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

அடுத்து, அக்கரையிலிருந்து மாசிலாமணி வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைப்பவர். ஒரே மகளுக்குக் கல்யாணம். ஐந்து பணம் கொடுத்து, "உங்க மேளந்தான் வேணும்னு பொண்ணு ஆசைப்படுது" என்றார். அஞ்சுகம் மறுபடியும் பானையைச் சொன்னாள். பக்கிரி சிநேகிதர்களுக்கு விருந்து வைத்தான்.

அந்த நேரம் பார்த்து எண்ணெய் வியாபாரியின் சம்பந்தி வீட்டில் ஒரு சாவு விழுந்தது. கல்யாணம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. அவர் அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டார். கடுக்கனை விற்றிருக்கலாம். ஆனால் மூளிக் காதோடு சபையில் எப்படி உட்காருவது?

மூன்றாவதாக உள்ளூர் ஜவுளி வியாபாரி இருபது பணத்தோடு வந்தார். அவர் குறித்திருந்த நாளும் மாசிலாமணி குறித்த நாளும் ஒன்றே. வேறொருவனாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பான். பக்கிரி கணக்குப் போட்டான்: இங்கே முகூர்த்தம் சூரியோதயத்தில், அங்கே உச்சிக்கு முன்னால், நடுவில் ஆறுதானே, பரிசலில் தாண்டிவிடலாம். "ஆகட்டும்" என்று வாங்கி, அதிலிருந்து எண்ணெய் வியாபாரிக்குப் பத்தைக் கொடுத்தான். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான். அஞ்சுகம் காலிப் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

முகூர்த்த நாள் வந்தது. ஆற்றில் வெள்ளமும் வந்தது.

ஜவுளி வியாபாரி வீட்டில் தாலி கட்டி முடித்ததும், இலையில் உட்காராமல் தவில்காரரையும் இழுத்துக்கொண்டு பக்கிரி துறைக்கு ஓடினான். பரிசல் மரத்தில் கட்டிக் கிடந்தது.

"சாமியே வந்து கூப்பிட்டாலும் இன்னிக்குத் துடுப்புப் போட மாட்டேன்" என்றார் பரிசல்காரர்.

எதிர்க்கரையில் பந்தல் தெரிந்தது, வாழைமரம் தெரிந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் பக்கிரி நாகசுரத்தை எடுத்துக் கரையில் நின்றே ஊதினான். தவில்காரர் கெட்டிமேளம் கொட்டினார். அப்படி அவன் எந்தச் சபையிலும் ஊதியதில்லை. ஆனால் காற்று அக்கரையிலிருந்து இக்கரைக்கு அடித்தது. ஹோமப் புகை அவனிடம் வந்தது, அவன் ஊதியது அங்கே போகவில்லை.

வெள்ளம் வடிந்ததும் மாசிலாமணி வந்தார். பக்கிரி கடுக்கனை விற்று, ஐந்துக்குப் பத்தாக அவர் முன்னால் வைத்தான்.

அவர் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"எங்காசு எனக்குப் போதும். கழுத்துல தாலி ஏறுறப்பகூட எம்பொண்ணு ஆத்துப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு நீங்க எதைத் திருப்பித் தருவீங்க மேளக்காரரே?"

அவர் கத்தவில்லை, வையவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றார். பக்கிரி தலை குனிந்தான். ஊரெல்லாம் நிமிர்ந்து நடந்தவனுக்கு அன்றைக்குத்தான் வெட்கம் என்றால் என்னவென்று தெரிந்தது. மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பரிசல் துறைக்கு நடந்தார்.

வேலை முடியும்வரை முன்பணம் பிறர் காசுதான். அதைத் தன் காசென்று செலவழிப்பவன் கடைசியில் தன் வாக்கையும் சேர்த்தே செலவழித்துவிடுவான்.