ஒரு வரி அதிகம்

“நான் அளந்த கண்ண நீங்க ஏன் மேடம் மறுபடியும் அளக்கிறீங்க?” என்று சிஷ்யை கேட்டாள்.

குரு எதிரே உட்கார்ந்திருந்தவரின் கண்ணை மறுபடியும் அளந்துகொண்டிருந்தாள்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தாறு. பெயர் ரெஜினா. சிஷ்யைக்கு நாற்பத்தொன்று. பெயர் தவமணி. குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை மேடம் என்பாள். ஞானத்துக்கு வயது இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மரியாதைக்கு உண்டு.

இடம், அணைத் தண்ணீரின் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாஸ்பத்திரி. காலையில் மூடுபனி ஏறி வந்து ஜன்னலோடு நிற்கும். மங்கலாக இருப்பது தன் கண்ணா, ஊரேயா என்று வருகிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தவமணி அங்கே கண் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு வந்தவள். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் கரண்டி பிடித்தவள். தட்டை நீட்டுகிற பிள்ளையின் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. ஒரு கரண்டி அதிகம் போட்டுவிடுவாள்.

கண் அளக்கிற வேலை வெளியிலிருந்து பார்த்தால் ரொம்ப எளிது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஓர் அட்டை. அதில் ஒரே எழுத்துதான், மூன்று கால் வைத்த எழுத்து. கால் சில இடத்தில் மேலே நீட்டியிருக்கும், சில இடத்தில் கீழே, சில இடத்தில் பக்கவாட்டில். அளக்கிறவர் அட்டையருகே நின்று ஓர் எழுத்தைத் தொட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் அது எந்தப் பக்கம் என்று விரலால் காட்ட வேண்டும். வரிகள் இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டே போகும்.

மற்றவர்கள் அளந்தால் பாதியில் நின்றுவிடுகிற கண், தவமணி அளந்தால் ஒரு வரி அதிகம் இறங்கிற்று. கைராசி என்று அவள் நினைத்தாள். சந்தோஷப்பட்டாள்.

டாக்டர் சந்தோஷப்படவில்லை. கைராசி சாம்பாருக்கு நல்லது, இங்கே வேண்டாம் என்றார். மாதக் கடைசிக்குள் அளவு சரியாக வராவிட்டால் பயிற்சியை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். திரும்பிப் போக அவளுக்கு இடமில்லை. அந்தக் கரண்டியை வேறொருத்தி வாங்கிவிட்டாள். இரண்டு நாளாகத் தவமணிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பயத்தில்தான் கேட்டாள். “நான் என்ன தப்புப் பண்றேன், மேடம்?”

ரெஜினா எழுந்து அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

“இத மடியில வச்சுக்குங்க. எழுத்து உங்களப் பாத்தாப்ல இருக்கட்டும்.”

தவமணி வைத்துக்கொண்டாள். ரெஜினா எதிரே போய் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து அவளுக்குத் தெரிந்தது அட்டையின் வெள்ளை முதுகு மட்டும்.

“இப்ப என் கண்ண அளங்க.”

தவமணி சிரித்தாள். ஆனாலும் ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். ரெஜினா மேலே காட்டினாள். சரி. அடுத்ததற்குப் பக்கவாட்டில் காட்டினாள். அதுவும் சரி. கடைசி வரி வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

மனப்பாடம் என்றாள் தவமணி. அப்படியென்றால் அட்டையைத் தலைகீழாக வைக்கச் சொன்னாள் ரெஜினா. வைத்தாள். அப்போதும் தப்பவில்லை.

தவமணி இந்தப் பெண்ணுக்கு ஏதோ சித்து கைவந்திருக்கிறது என்றே நம்பிவிட்டாள்.

“எப்படி மேடம்?”

ரெஜினா கண்பாவையை விரிக்கிற சொட்டு மருந்தை எடுத்து வந்து தவமணியின் இரண்டு கண்ணிலும் விட்டாள்.

“போய் உக்காருங்க. கூப்பிடுறேன்.”

மருந்து விட்டவர்கள் உட்காரும் கூடம் நீளமானது. பெஞ்சுகளில் எல்லோரும் கண்ணை மூடி வரிசையாக இருப்பார்கள். தினமும் அவர்கள் நடுவே நடந்தவள்தான் தவமணி. உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

முதலில் எரிந்தது. பிறகு எரிச்சல் எங்கோ போய்விட்டது. கண்ணைத் திறந்தபோது மின்விசிறிக்கு இறக்கை இல்லை. ஜன்னலிலிருந்து வெளிச்சம் மோர் ஊற்றினாற்போல் இறங்கி வந்தது. ஆட்கள் எல்லாம் ஓரங்கள் கரைந்து, ஒருவர் எங்கே முடிந்து இன்னொருவர் எங்கே தொடங்குகிறார் என்று தெரியாமல் இருந்தார்கள். யாரோ மெல்ல ஒரு தாலாட்டை முனகினார்கள். யாருடைய பிள்ளைக்கோ.

பக்கத்தில் இருந்த கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என் மருமகளா என்று கேட்டார். இல்லை என்றாள். பரவாயில்லை என்று பிடித்தபடியே இருந்தார்.

எவ்வளவு நேரம் ஆனதோ, ரெஜினாவின் குரல் கூப்பிட்டது.

மறுபடி அதே அட்டை, அதே மடி. தவமணி ஓர் எழுத்தின் மேல் விரல் வைத்தாள். ரெஜினா சரியாகக் காட்டினாள். இரண்டாம் வரியும் சரி. மூன்றாம் வரியில் அவள் கை தயங்கிற்று. மேலே போயிற்று, பக்கத்துக்கு வந்தது, கீழே இறங்கி மடியில் விழுந்தது.

“எனக்குத் தெரியலக்கா.”

தவமணி குனிந்து பார்த்தாள். மூன்றாம் வரி எறும்புச் சாரை மாதிரி நெளிந்தது.

“எனக்கும்தான் தெரியல, மேடம்” என்று சொல்லி...

வாயை மூடிக்கொண்டாள்.

தன் முகவாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு புருவத்தை. தட்டை நீட்டுகிறவன் முகத்தைப் பார்த்தே வாழ்ந்த முகம். எதிரே இருப்பவரின் கை தப்பான பக்கம் போனால் வாடுகிறது, சரியான பக்கம் திரும்பினால் மலர்கிறது. நோயாளிகள் அட்டையைப் பார்க்கவே இல்லை.

“மாதப்பண்ணன்” என்றாள்.

மாதப்பன் பரிசல்காரர். அக்கரைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி வருகிறவர். போன மாதம் அவர் ஊரில் நடந்த முகாமில் தவமணிதான் அளந்தாள். நன்றாகப் படிக்கிற கண்ணை டாக்டரிடம் அனுப்பத் தேவையில்லை. அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார். அந்தச் சந்தோஷத்தில் தன் டீயை அவருக்குக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

“இரக்கப்படறது தப்பா, மேடம்?”

ரெஜினா அவள் வலது கையை எடுத்து, அவளுடைய கண்ணின் மேலேயே வைத்தாள். ஒரு கண்ணை அளக்கும்போது மறு கண்ணை உள்ளங்கையால் மறைக்க வேண்டும். பயிற்சியின் முதல் நாள் பாடம் அது.

“மறைக்கணும். அழுத்தக் கூடாது.”

அவ்வளவுதான் சொன்னாள்.

தவமணி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முதலில் அந்த மனிதரைக் கூட்டி வரச் சொன்னார், அவளைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் காலையில் இருவரும் அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சாலை சுற்றி அக்கரைக்குப் போனார்கள். மாதப்பன் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். பிள்ளைகளுக்கு நேரமாகிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்றார்.

பனிக்குள் பரிசல் மிதந்தது. கரை இல்லை, வானம் இல்லை. துடுப்புச் சத்தம் மட்டும் இருந்தது. தண்ணீரில் மூழ்கிய மொட்டை மரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து, விலகிப் போயின.

“வலப்பக்கம் போ, தாத்தா” என்றது ஒரு பிள்ளை, பாதித் தூக்கத்தில்.

துடுப்பு வலப்பக்கம் திரும்பிற்று.

“முன்னால மரம், தாத்தா.”

பரிசல் சுழன்று ஒதுங்கிற்று.

பிள்ளைகள் பேச்சின் நடுவே, ஒருவர் தலையை ஒருவர் பின்னிவிட்டபடி, தாங்கள் சொல்வதே தெரியாமல் சொல்லிக்கொண்டு வந்தார்கள். தவமணி பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

“கடைசி வரிவரைக்கும் படிச்ச கண்ணு இது” என்றார் மாதப்பன் பெருமையாக. “நீங்கதானே அம்மிணி சொன்னீங்க.”

கரையில் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். மற்ற மூவரும் பனி விலகி வெயில் வரும்வரை காத்திருந்தார்கள். ரெஜினா தூரத்தை அளந்து அவரை ஒரு கல்லில் உட்கார வைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

தவமணி அட்டையை விரித்தாள். முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் வரியை எண்ணித் தடவி, ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினாள்.

முதல் எழுத்துக்கு அவர் சட்டென்று காட்டினார். இரண்டாம் வரிக்கு யோசித்துக் காட்டினார். மூன்றாம் வரியில் கை மேலே போயிற்று, பக்கத்துக்கு வந்தது, கீழே இறங்கிற்று. அட்டைக்குப் பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

“போன தடவ நல்லாத் தெரிஞ்சுதே, அம்மிணி.”

“போன தடவ பாத்தது நானுங்ணா.”

அவர் தண்ணீரின் பக்கம் திரும்பினார்.

“அப்ப இத்தன நாளாப் பரிசல் ஓட்டுனது யாரு?”

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பிள்ளைகளின் இரைச்சல் அடங்கிற்று.

கண்ணில் புரை முற்றியிருக்கிறது, எடுத்துவிட்டால் மறுபடி துடுப்புப் பிடிக்கலாம் என்று ரெஜினா அவரிடம் மெதுவாகச் சொன்னாள். மாதப்பன் பரிசலைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினார். தவமணி எடுத்துக் கொடுக்கவில்லை. அது எங்கே கிடக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அட்டையை ரெஜினாவிடம் நீட்டினாள். “நீங்க ஒருக்கா அளந்து பாத்துருங்க, மேடம்.”

ரெஜினா அதை வாங்கிச் சுருட்டினாள்.

“எதுக்குக்கா?”