காடன் விழுங்கிய இரண்டு விதைகள்

மனிதனுக்கு நெஞ்சு படபடக்காத காலம் ஒன்று இருந்தது. மிருகங்கள் பேசின, மனிதர்கள் பதில் சொன்னார்கள். அந்தக் காலத்தில் புலி வந்தால் மான் துள்ளி ஓடும், முயல் புதருக்குள் பாயும். மனிதன் மட்டும் "அதோ, புலி வருது" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிவிட்டு, தோண்டிக்கொண்டிருந்த கிழங்கை முழுசாகத் தோண்டி எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்திருப்பான். பாதிப் பேர் எழுந்திருக்கும் முன்பே போய்ச்சேர்ந்தார்கள்.

காரணம், அவனிடம் காந்தல் விதை இல்லை. மலை தன்மேல் வாழ்கிற ஒவ்வோர் உயிருக்கும் கொள்ளு அளவில் இரண்டு விதைகள் கொடுத்திருந்தது. முதுகுப் பக்கம், விலாவுக்குக் கீழே, இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் அவை குந்தியிருக்கும். ஆபத்தைக் கண்டதும் விழித்துக்கொண்டு உடம்பெங்கும் நெருப்பை ஓடவிடும். மனிதனுக்குக் கை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, இவனுக்கு எதற்கு என்று மலை விட்டுவிட்டது. அவனும் கேட்கவில்லை.

பொறாமை மட்டும் அவனிடம் அப்போதே இருந்தது. ஆனால் அது நினைப்போடு நின்றுவிடும், உடம்புக்குத் தெரியாது. பொறாமைப்பட்டவன் நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான்.

காடனும் அப்படித்தான் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கயிறு பிடிப்பவன். செங்குத்தான பாறையில் பெருந்தேனீக்கள் கட்டும் கூடுகளை அறுக்க, அவனுடைய தங்கை கெம்பியின் புருஷன் மாதன் கொடிக்கயிற்றில் தொங்கியபடி இறங்குவான். மேலே கயிற்றை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது காடன். அந்த மலையில் தேன் எடுப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் அண்ணன் தம்பிதான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவனை நம்பமாட்டார்கள், அவனுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். தங்கையை அறுதலியாக்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது என்பது அவர்கள் எண்ணம்.

மாதன் இறங்கும்போது கீழே பள்ளத்தில் பெண்கள் நின்று பாடுவார்கள். பாட்டு முழுக்க மாதன்தான். அவன் தோள், அவன் அரிவாள், அவனைக் கொட்டத் தயங்கும் தேனீ. மேலே மரநிழலில் நிற்பவன் கீழே இருப்பவர்களின் கண்ணுக்குத் தெரியமாட்டான். பாட்டிலும் அவன் கிடையாது. முதல் தேனடை மாதனுக்கு. ஊர்ப் பிள்ளைகள் மாதனின் காலைச் சுற்றும்.

ஒருநாள் காடனின் மகள் வாசலில் தேன் எடுக்கும் விளையாட்டு விளையாடினாள். ஒரு மரப்பாச்சியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, இதுதான் மாதன் மாமா என்றாள். கயிற்றின் மறுமுனை தரையில் அடித்த ஒரு முளைக்குச்சியில் கட்டியிருந்தது.

"இது யாரு?" என்று காடன் குச்சியைக் காட்டிக் கேட்டான்.

"இது நீதாம்பா."

காடன் சிரித்துவைத்தான். அன்றைக்கும் நன்றாகத்தான் சாப்பிட்டான். ஆனால் அந்தக் குச்சி அவன் மனசை விட்டுப் போகவில்லை.

அதே பருவத்தில், கொடிச்சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒரு சருகுமானை, கொடியை அறுத்து மாதன் விடுவித்தான். அது இரண்டு விதைகளை ஓர் இலையில் மடித்துக் கொடுத்தது. போன மழையில் செத்துப்போன தன் துணையின் விதைகள் என்றும், ஒன்று மாதனுக்கு, மற்றது அவன் கயிற்றைப் பிடிப்பவனுக்கு என்றும் சொன்னது. விழுங்கினால் பிறந்த பிள்ளைக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் தானாகப் போகுமாம்.

"ஆனா சும்மா இருக்கும்போது விழுங்கிடாதே" என்றது சருகுமான். "அது முதல் தடவை எதுக்கு முழிக்குதோ, காலத்துக்கும் அதுக்குத்தான் முழிக்கும். புலி எதிர்ல நிக்கணும். அப்ப விழுங்கு."

மாதன் வீட்டுக்கு வந்ததும் ஒன்று விடாமல் மச்சானிடம் சொன்னான். மறுநாள் பாறை விளிம்பில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டே இலைமடிப்பை நீட்டினான்.

"நீ வச்சுக்க மச்சான். நான் ஆடுற ஆட்டத்துல கீழே விழுந்துடும். ஒண்ணு உன்னோடதுதானே."

காடன் வாங்கி மடியில் செருகிக்கொண்டான். மானைக் காப்பாற்றியதும் இவன், பரிசு வாங்கியதும் இவன், அதில் பாதியைப் பிச்சை மாதிரி எனக்குப் போடுவதும் இவன் என்று நினைத்தபடி கயிற்றை விட்டான்.

மாதன் பாதிப் பாறை இறங்கியிருந்தான். கீழே பாட்டு தொடங்கியது. கெம்பியின் குரல்தான் தூக்கலாக இருந்தது. நடக்கப் பழகும்போது காடனின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள். காடன் பாட்டைக் கடைசிவரை கேட்டான், ஒரு வார்த்தையாவது வருமா என்று. வரவில்லை.

புலி எதுவும் வரவில்லை. காடன் ஒரு கையால் மடியைத் துழாவினான். இதாவது இவனுக்கு முன்னால் எனக்குக் கிடைக்கட்டும் என்று ஒரு விதையை வாயில் போட்டு விழுங்கினான்.

முதலில் நெஞ்சு உதைத்தது. அதுவரை இருக்கிற இடம் தெரியாமல் இருந்த நெஞ்சு, கதவைத் தட்டுவது மாதிரி தட்டியது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் தின்ற களி வயிற்றில் கல்லாக நின்றது. கைமயிர் குத்திட்டது. கண் அகலத் திறந்து, கெம்பி தலையில் செருகியிருந்த பூவின் இதழ்கூட எண்ணும்படி தெரிந்தது. உள்ளங்கை இரண்டும் வியர்த்துக் கொட்டின.

வியர்வையில் கயிறு வழுக்கியது.

ஒரு முழம், இரண்டு முழம், பத்து முழம் ஓடியது. கீழே பாட்டு நின்றது. பெண்கள் எல்லோரும் சும்மா அண்ணாந்து பார்த்தார்கள். பதற யாருக்கும் தெரியாது. "அண்ணா" என்று மட்டும் கெம்பி சொன்னாள், தண்ணீர் கேட்பது போல. காடனுக்கு அது இடிபோலக் கேட்டது. இலையோடு சேர்த்து இரண்டாவது விதையையும் வாயில் போட்டுக்கொண்டு கயிற்றின்மேல் விழுந்தான்.

அவனிடம் அவ்வளவு பலம் இருந்ததை அவனே அறிந்ததில்லை. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு நின்றது. வலிக்கவில்லை. அடிமரத்தில் காலை உதைத்துக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றி, மாதனைத் தேன்கூடையோடு ஒரே மூச்சில் மேலே இழுத்துப் போட்டான். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தான். வலி அப்போதுதான் வந்தது.

மாதன் சாவகாசமாகக் கயிற்றை அவிழ்த்தான்.

"என்ன மச்சான், கை நடுங்குது?"

"குளிருது மாப்பிள்ளை."

உச்சி வெயில். மாதன் அவன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். உதட்டோரம் ஒட்டியிருந்த இலைத்துணுக்கைப் பார்த்தான்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"புலி வந்துச்சா?"

காடன் வறண்ட நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டான். "ரெண்டாவதுக்கு வந்துச்சு" என்றான். "நீ விழுந்தப்ப."

"மொதலாவதுக்கு?"

"கெம்பி பாடிட்டிருந்தா."

மாதன் யோசித்தான். கோபம் அவன் நினைப்பில் வந்திருக்கலாம். ஆனால் அதை எடுத்துக்கொண்டு ஓட உடம்பில் நெருப்பு இல்லை. அடையில் ஒரு துண்டு பிய்த்து மச்சானின் வாயில் வைத்தான். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு, "நாளைக்கும் நீதான் பிடிக்கணும். வேற யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

காடனால் அந்தத் தேனை விழுங்க முடியவில்லை. அன்று அவன் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை.

அவன் மகளைக் கெம்பியின் மகன்தான் கட்டினான். அங்கே முறை அதுதான். காடனின் விதைகள் மாதனின் வீட்டுக்குள்ளும் போய், அங்கிருந்து ஊர் ஊராகப் பரவின. ஒன்று புலிக்கு விழிப்பது, மற்றது அடுத்தவன் புகழுக்கு விழிப்பது. எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

காடன் கயிறு பிடித்த அந்த நாளிலிருந்துதான், புலி எதிரே வந்தாலும் சரி, நமக்கு வேண்டியவனை நாலு பேர் புகழ்ந்தாலும் சரி, மனிதனுக்கு நெஞ்சு ஒன்றுபோலவே அடித்துக்கொள்கிறது. கையில் யாருடைய உயிரும் இல்லாதபோதும் உள்ளங்கை வியர்க்கிறது.