உப்பு பத்தாத ரசவடை

பதினாலு வருஷம் அடுத்தவன் ஓட்டல்ல வடை தட்டின மரியசூசைக்கு, சொந்தமா கடை போட நாகர்கோவில்ல ஒரே ஒரு எடந்தான் அமைஞ்சுது. மாடியில குடியிருந்த கட்டட ஓனரு, ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் தாணுமாலயன், மீசையைத் தடவிக்கிட்டே கண்டிஷன் போட்டாரு. "சமையல் வாசனை என் வீட்டுக்கு வரக்கூடாது. வந்தா அன்னைக்கே காலி பண்ணணும்."

வேற வழியில்லாம மரியசூசை தலையாட்டினான்.

கடை தொறந்த மூணாம் நாளே மனுஷன் தடதடன்னு எறங்கி வந்தாரு. சாப்பிட்டுக்கிட்டிருந்த அத்தனை பேரு முன்னாலயும், "ரசவடை வாசனை மேல வருதுடே, சாமானை ஏத்து"ன்னாரு.

"ஏத்திருதேன் ஐயா. போற எடத்துலயாவது ஒழுங்கா போடணும்லா? அதுல என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க."

"ரசத்துல உப்பு பத்தல. வடை ஊறல. நேத்து பரவாயில்ல."

"உப்பு பத்தலைன்னு மூக்குக்கு எப்படி ஐயா தெரிஞ்சுது?"

அவரு குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரி ரெண்டு வருஷமா ஓட்ஸ் கஞ்சிதான்டே ஊத்துதா. ஆட்டோக்காரனை விட்டு பார்சல் வாங்குதேன்"னாரு.

மரியசூசை பெஞ்சைத் துடைச்சு அவரை உக்கார வச்சான். நல்லா ஊறின வடையா பாத்து ரெண்டு வச்சு, கையெடுத்துக் கும்பிட்டான். "மூணு நாளா எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. குறையைச் சொன்ன மொத ஆளு நீங்கதான். உங்க புண்ணியத்துல இந்தக் கடை நிக்கும் ஐயா."

"புண்ணியம் கெடக்கட்டும்டே. இன்னொரு வடை வை."