கூ கொடுக்காத புதர்

ராஜாக்கள் எல்லாம் சமவெளியில் இருந்த காலம் அது. மலைமேல் ராஜா கிடையாது, கோட்டை கிடையாது. வேடர்கள் இருந்தார்கள், மான்கள் இருந்தன, பசி இருந்தது. அங்கே நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். சிரிக்கிற கதை இல்லை பிள்ளைகளே. மடியில் கைக்குழந்தை இருந்தால் அணைத்துக்கொண்டே கேளுங்கள்.

அந்த வேடர்களிடம் மூங்கில் வில் இருந்தது. ஆள் உயரம் இருக்கும். இழுத்தால் சும்மா வளையாது, கிர்ர்ர் என்று முனகும். அவர்கள் மான் தேடுகிற அதே காட்டில்தான் பெண்கள் கிழங்கு தோண்டுவார்கள். வில் முனகுகிற சத்தம் பக்கத்தில் கேட்டால், தோண்டுகிறவள் உடனே "கூ" என்று குரல் கொடுப்பாள். இங்கே இருப்பது மான் இல்லை, ஆள் என்று அர்த்தம். வேடன் வில்லை இறக்கிவிடுவான். கூ வரவில்லை என்றால் அம்பை விடுவான்.

அந்த முனகல் மானுக்கும் கேட்கும். பாதி மான் ஓடியே போய்விடும். "போகட்டும், அது மானோட பங்கு" என்று சொல்லிவிட்டு வேறு மான் தேடுவார்கள்.

அந்த ஊரில் தும்பன் என்று ஒரு வேடன். கரடி அறைந்ததில் இடது தோள் இறங்கிப்போனவன். வில்லை இழுத்தால் கை நடுங்கும், அம்பு காலடியிலேயே விழும்.

மான் அடித்தவனுக்குத் தொடை, கூடப் போனவனுக்கு நெஞ்சு, சும்மா இருந்தவனுக்குக் கழுத்தெலும்பு. அது ஊர் வழக்கம். தும்பன் வீட்டுக்கு எப்போதும் கழுத்தெலும்புதான் வந்தது.

அவன் பெண்டாட்டி நங்கை. மாமன் மகள்தான். பால் குடிக்கிற பெண் குழந்தை ஒன்று அவர்களுக்கு. எலும்பு வெந்த தண்ணீரைக் குடித்தால் பால் எப்படி ஊறும்? குழந்தை அழுது அழுது, பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. நங்கை பொழுதெல்லாம் கிழங்கு தோண்டினாள்.

நங்கையின் அண்ணன் கிள்ளன், ஊரிலேயே நல்ல வில்லாளி. "மாப்ளே, உனக்கு எதுக்கு வில்லு? என்கிட்ட குடு, தோல் காயப்போடவாவது ஆகும்" என்று சீண்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள். தும்பனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் சிரிக்கமாட்டான்.

ஒரு நாள் கீழேயிருந்து உப்பு வணிகன் வந்தான். அவன் கழுதைமேல் ஒரு கட்டைவில் இருந்தது. நீளக் கட்டையின் தலைமாட்டில் குட்டை வில் ஒன்றைக் குறுக்கே கட்டியிருந்தார்கள்.

"இது கோட்டைக் காவல்காரங்க வச்சிருக்கிறது. இதுக்குத் தோள் வேண்டாம். முன்னால இருக்கிற வளையத்தைக் காலால மிதி, ரெண்டு கையாலயும் நாணை இழு, கட்டையில இருக்கிற பல்லுல மாட்டு. மாட்டிட்டா அது பாட்டுக்கு நிக்கும். அடியில இருக்கிற விசையைத் தட்டினாத்தான் அம்பு போகும்" என்றான் வணிகன்.

தும்பன் சேர்த்துவைத்த தேன் முழுவதையும் கொடுத்து அதை வாங்கினான்.

மண்மேட்டின் முன்னால் சுரைக்குடுக்கையை வைத்துப் பழகினான். முதல் நாள் கட்டைவிரலை நாண் ஓடுகிற வழியில் வைத்துவிட்டான். நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது. நங்கை மஞ்சள் அரைத்துக் கட்டினாள். "விரலைக் கீழ வை மாமா. அம்பு எங்க போகுதுன்னு அது வேற எட்டிப் பாக்கணுமா?" என்றாள்.

இரண்டாம் நாள் அம்புகள் எல்லாம் ஒரு பக்கமாகவே போயின. நங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்ல கை அதிகமா இழுக்குது மாமா. நாண் கோணலா ஏறுது" என்றாள். நாணின் நடுவில் கரியால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோடு கட்டையின் நடுவுக்கு வரும்படி பார்த்து இழுக்கச் சொன்னாள்.

மூன்றாம் நாள் குடுக்கை சிதறியது.

ஊரே வந்து பார்த்தது. "அட, விடும்போது முனகவே இல்லையே மாப்ளே! மானுக்குச் சாவு வர்றதே தெரியாது போ" என்றான் கிள்ளன். "சத்தமே இல்ல" என்று நங்கையும் பூரித்துப்போனாள். அந்தச் சத்தம் இல்லாததைத்தான் எல்லாரும் மெச்சினார்கள். வேறு ஒன்றும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு தும்பன் விடியலில் வீட்டு வாசலிலேயே நாணை ஏற்றிவிடுவான். முனகல் அங்கேயே அடங்கிவிடும். காட்டில் போய் அசையாமல் உட்காருவான். முதல் மான் விழுந்தது. வீட்டுக்குத் தொடை வந்தது. இரண்டாவது மான் விழுந்தது. நங்கைக்குப் பால் ஊறியது. குழந்தையின் கன்னம் கொஞ்சம் உப்பியது.

மூன்றாவது தடவை அவன் போனபோது மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. வீட்டில் கறி இருந்தது. ஆனாலும் கறியோடு கிழங்கைப் போட்டு வேகவைத்தால் தும்பனுக்குப் பிடிக்கும் என்று, குழந்தையைக் கிள்ளனின் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு நங்கை காட்டுக்குப் போனாள். அவள் போனது தும்பனுக்குத் தெரியாது.

ஓடைக்கரையில் ஒரு புதர் அசைந்தது. பனிக்குள்ளே பழுப்பாக ஏதோ குனிந்து நிமிர்ந்தது. தும்பன் கட்டைவில்லைத் தோளில் வைத்தான். அவசரப்படவில்லை. ஊர் வழக்கத்தை மறக்கவும் இல்லை. மூச்சை அடக்கிக் காத்திருந்தான்.

கூ வரவில்லை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். கூ வரவில்லை. அப்படியென்றால் மான்தான்.

விசையைத் தட்டினான். புதருக்குள்ளிருந்து வந்தது மானின் குரல் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தான். நங்கை மண்ணில் சாய்ந்து கிடந்தாள். கையில் பாதி தோண்டிய கிழங்கு இருந்தது. அம்பு விலாவில் இருந்தது.

"ஏன் புள்ள கூ கொடுக்கல? நான் காத்திருந்தேனே! ஏன் கொடுக்கல?" என்று அலறினான்.

நங்கை அவன் முகத்தைப் பார்த்தாள். "வில்லுச் சத்தம் கேக்கலையே மாமா" என்றாள். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே."

அவளை நல்ல தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். ஊர் கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் உயிர் போய்விட்டது.

கிள்ளன் கோடாலியை ஓங்கிக்கொண்டு வந்தான். "கூ வருதான்னு பாத்தியாடா?" என்று கத்தினான்.

"பாத்தேன் மச்சான். வரல."

"வில்லை எங்க இழுத்த?"

"வாசல்ல" என்றான் தும்பன்.

கிள்ளனின் கை அப்படியே இறங்கிவிட்டது. கோடாலியைக் கீழே போட்டுவிட்டுத் தங்கையின் காலடியில் உட்கார்ந்தான். "முனகலையேன்னு நான்தானே மெச்சினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்த ஊரில் யாராக இருந்தாலும், எந்த வில்லாக இருந்தாலும், அம்பை விடுவதற்கு முன் "ஆளா, மானா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று வைத்தார்கள். நிறைய மான் தப்பியது. நிறைய நாள் பசித்துக் கிடந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

தும்பன் பிறகு வில்லைத் தொடவே இல்லை. குழந்தை கிள்ளன் வீட்டு அத்தையிடம் வளர்ந்தது. பொழுது சாய்ந்தால் அதை முதுகில் கட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போவான். அந்தப் புதரைப் பார்த்து "கூ" என்பான். கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்பான். எதிர்மலை மட்டும் அவன் குரலை அவனுக்கே திருப்பித் தரும். திரும்பி வருவான்.

பேச்சு வந்தபோது அந்தக் குழந்தை அம்மா என்று சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. முதலில் கூ என்றுதான் சொன்னது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேட்டீர்களா பிள்ளைகளே, நாம் வாய்விட்டுக் கேட்காதபோது, எதிரில் இருப்பவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.