மரங்கொத்தி ஒளித்துவைத்த ஊர்

மரங்கொத்தி ஒரு மரத்தைத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது வைத்துக் கேட்கிறதே, எதற்கென்று யாராவது யோசித்தது உண்டா?

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, காட்டுக்கே கதை சொன்னவள் மரங்கொத்திதான். அடைமழை நாட்களில் எல்லாரும் ஆலமரத்தடியில் ஒதுங்குவார்கள். மேகப்பட்டி என்று ஓர் ஊரை அவளே மனசுக்குள் கட்டி, அதன் கதையை நாளுக்குக் கொஞ்சமாகச் சொல்வாள். கேட்கிறவர்கள் ஆளுக்கொரு வாய் தீனி கொண்டுவருவார்கள். கதை நன்றாக முடிந்தால்தான் அடுத்த மழைக்கும் அந்தச் சோறு. சொதப்பினால், தானும் கதை சொல்லக் காத்திருக்கும் மைனாக்காரி வந்து கிளையில் உட்கார்ந்துவிடுவாள்.

மேகப்பட்டியில் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, யாருக்கு யார் மாமன், எவன் எப்போது செத்தான், எல்லாவற்றையும் ஓலைத் துணுக்குகளில் அலகால் கீறிக் குவித்து வைத்திருந்தாள்.

"அக்கா, இப்படிக் கிடந்தால் குழம்பிப்போகும். ஊர் ஓலையை ஒரு நாரில் கோத்துக்கொள், ஆட்கள் ஓலையை இன்னொரு நாரில். நான் நார் உரித்துத் தரட்டுமா?" என்றான் அணில்.

மரங்கொத்திக்குச் சந்தேகம் தட்டியது. இவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை? நாரோடு வருகிறவன் ஓலையோடு போகமாட்டானா? மைனாக்காரி வேறு இரண்டு நாளாக இந்தப் பக்கமே சுற்றுகிறாள்!

அன்றைக்கே மரத்துக்கு ஒன்றாக ஓலைகளைப் பட்டைக்குள் செருகினாள். ஓர் ஓலையைத் திருடினாலும் ஆறு ஓடும் பக்கம்தான் தெரியும், முழு ஊரும் கிடைக்காது. அடையாளம் வைத்தாளா? வைத்தால் திருடனுக்கு வழி காட்டின மாதிரி ஆகாதா!

கதையின் கடைசி நாள் வந்தது. மேகப்பட்டியில் கல்யாணம். "மாப்பிள்ளையின் தாய்மாமன் பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் கேட்டார்" என்றாள்.

"அடியே, அவரைப் போன வாரம்தானே எரித்தாய்? நான் அழுதேனே!" என்றாள் முயல்.

காடே சிரித்தது. மைனாக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாளைக்குச் சரியாகச் சொல்கிறேன்" என்று ஓலையைத் தேடிப் பறந்தாள் மரங்கொத்தி. மழையில் ஊறிப் பட்டைகள் மூடிக்கிடந்தன. எல்லா மரமும் ஒரே மாதிரி.

"அணிலே, நீதானே எடுத்தாய்?"

"நான் பழம் திருடுவேன் அக்கா. ஊரைத் திருடி எங்கே வைப்பேன்?"

மறுநாள் ஆலமரத்தில் மைனாக்காரியின் சத்தம்தான் கேட்டது.

அன்று முதல்தான் மரங்கொத்தி மரம் மரமாகத் தட்டித் திரிகிறாள். தட்டுவாள், காது வைப்பாள், யாராவது வந்தால் சட்டென்று மரத்தின் மறுபக்கம் நழுவிக்கொள்வாள். அவர்கள் போனபிறகு மெதுவாகக் கேட்பாள்: "மரமே, அந்த மாமன் செத்த ஓலை உன்னிடம் இருந்தால் கொடுத்துவிடேன். அணிலிடம் மட்டும் சொல்லிவிடாதே."