நீக்கிய இரண்டு புள்ளிகள்

செண்பகவல்லி கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, நாற்பது வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள். திங்கட்கிழமை கல்லூரிக்குத் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும். அதற்குள் அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் தேவசகாயம் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அவர் அறைக்குப் போனாள். உட்காரவில்லை. நின்றபடியே தாள்களை நீட்டினாள்.

ஐந்து மாதமாக அந்த அறையில் யாரும் உட்காருவதில்லை. ஜூன் மாதம் அவருடைய ஒரே மகன் மலைப்பாதையில் லாரி மோதி இறந்துபோனான். வானியல் துறையில் எல்லோரும் ஒரு முறை துக்கம் விசாரித்தார்கள், அதோடு சரி. வானத்தின் அந்தக் கோடியில் இருப்பதையெல்லாம் எட்டிப் பார்க்கிற கூட்டம் அது. பக்கத்து அறைக்குள் தலையை நீட்ட மட்டும் பயம்.

தேவசகாயம் தாள்களைப் புரட்டினார். அவள் ஆராய்ந்தது ஒரு கேலக்ஸியின் நடுப்பகுதியில் சுழலும் வாயுவை. கருந்துளையைக் கண்ணால் பார்க்க முடியாது. சுற்றி ஓடும் வாயுவின் வேகத்தைத்தான் அளப்பார்கள். நடுவை நெருங்க நெருங்க வேகம் எகிறினால், உள்ளே பெரும் பாரம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

"கருந்துளை இல்லைன்னு முடிச்சிருக்கீங்க," என்றார்.

"ஆமா ஸார்."

"வரைபடத்துல நடுவுக்குக் கிட்ட ரெண்டு புள்ளியைக் காணோமே?"

"வேகம் தாறுமாறா இருந்துச்சு. கருவிக் கோளாறுன்னு எடுத்துட்டேன் ஸார்."

"கோளாறுதானான்னு பாத்தீங்களா?"

"பாக்கணும்னா இன்னும் ஆறு மாசம் ஆகும்." அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வெளிச்சமே வராத இடத்துல ஒண்ணு இருக்குன்னு, ரெண்டு புள்ளியை வெச்சு எப்படி ஸார் சொல்றது?"

அவர் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தார்.

"கொஞ்ச நேரம் வராந்தாவைப் பாருங்க."

இரண்டு விரிவுரையாளர்கள் கிரிக்கெட் பேசிக்கொண்டு ஆற அமரப் படியேறி வந்தார்கள். கதவை நெருங்கியதும் பேச்சு நின்றது. தலையைக் குனிந்துகொண்டு விடுவிடுவென்று கடந்தார்கள். நாலு அறை தள்ளிப் போனதும் பழைய நடை, பழைய சிரிப்பு.

துப்புரவு வேலை செய்யும் ராக்கம்மா வாளியோடு வந்தாள். அவளும் அந்த இடத்தில் மட்டும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது.

பிறகு துறைத் தலைவர். எதிர்முனையில் யாரும் இல்லாத கைபேசியைக் காதில் வைத்துத் தலையாட்டிக்கொண்டே பறந்தார்.

"என்ன பாத்தீங்க?"



"கிட்ட வர வர வேகம் கூடுது ஸார்."

"நீங்க?"

"நானும் அப்படித்தான் போவேன்."

"இதுல யாரைக் கோளாறுன்னு எடுக்கலாம்?"

அவள் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரிந்தேதான் வாங்கினாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"அவ்வளவு வேகம் எதுக்கு ஸார்?"

"வேகம் குறைஞ்சா உள்ள விழுந்துடும்மா."

அவள் திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு என்ன ஸார் நடந்துச்சு?"



"நல்ல மழை. பஸ்ல போறேன்னுதான் சொன்னான்," என்றார். "என் பைக்கை எடுத்துட்டுப் போடான்னு நான்தாம்மா சாவியைக் கொடுத்தேன்."