மூன்றாவது கரை

"அம்மா, எங்க பிள்ளைங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்குறாங்க," என்றார் தணிகாசலம் வாத்தியார்.

மடத்து அம்மை மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். வாத்தியாரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அம்மாதான்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் காயை மடியில் போட்டுக்கொண்டு உரித்தார்கள். சும்மா உட்கார்ந்து ஞானம் கேட்கிற வழக்கம் அந்த மடத்தில் இல்லை.

"எந்த வகுப்பு?"

"ஏழாவது."

"கேக்கலேன்னா நல்லதுதானே. உங்க தொண்டைத்தண்ணி மிச்சம்."

கூட்டம் சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை.

"இதே பிள்ளைங்களுக்கு அஞ்சாவதுல நான்தாம்மா கிளாஸ் டீச்சர். அப்போ என்னை மூச்சுவிட விடமாட்டாங்க. தமயந்தின்னு ஒரு பொண்ணு. மீனுக்குத் தாகம் எடுக்குமா சார்னு கேட்டா. எனக்குத் தெரியலை. ராத்திரி படுத்தா அதே நெனப்பு."

"இப்போ?"

"இப்போ குனிஞ்ச தலை நிமிர மாட்டேங்குறா. பாடம் முடிச்சு, புரிஞ்சுதான்னு கேட்டா, மொத்த வகுப்பும் பாட்டுப் பாடுற மாதிரி 'புரிஞ்சுது சார்'னு இழுக்குது. பரீட்சை வெச்சுப் பாத்தா ஒருத்தருக்கும் புரிஞ்சிருக்கலை."

பெரிய மனுஷன் பத்துப் பேர் நடுவில் அழக்கூடாது என்று வாத்தியார் மொச்சைக்காயை வேகமாக உரித்தார்.

"ஒரே ஒரு கேள்வி வந்தாப் போதும்மா. எனக்கு அவ்வளவு ஏக்கமா இருக்கு. இந்த வயசுப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர எனக்குன்னு ஒரு கொள்கை வேணும். அதை நீங்கதான் சொல்லணும்."

அம்மை கையிலிருந்த காயைப் பிளந்தார். உள்ளே புழு. தூக்கித் தூரப் போட்டார்.

"ஆத்துக்கு மூணாவதா ஒரு கரை இருக்கு. அங்க நின்னு பாடம் சொல்லுங்க."

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா," என்றது கூட்டம்.

வாத்தியாரும்தான் சொன்னார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

*

பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தார். ஆற்றுக்கு இரண்டு கரை. மூன்றாவது எங்கே இருக்கிறது?

கரும்பலகை ஒரு கரை, கடைசி பெஞ்சு இன்னொரு கரை என்று வைத்துக்கொண்டார். மறுநாள் வகுப்பின் நட்டநடுவில் நின்று பாடம் நடத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாள் தமயந்தியின் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தார். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

அதற்கும் அடுத்த நாள் வெளியே போய் ஜன்னல் வழியாகப் பாடம் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பாவது வந்ததே என்று அவருக்குச் சந்தோஷம். தலைமையாசிரியை அந்தப் பக்கம் வந்தவர், "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"புரிஞ்சுதா?" என்றார் ஜன்னலிலிருந்து.

"புரிஞ்சுது சார்."

அந்த மாதம் ஆசிரியர் பயிற்சிக் கூட்டம். ஒவ்வொருவரும் எழுந்து தன் கற்பித்தல் கொள்கை என்னவென்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் அன்பு என்றார்கள், மீதிப் பேர் கண்டிப்பு என்றார்கள். தணிகாசலம் வாத்தியாரின் முறை வந்தது.

"ஆற்றின் மூன்றாவது கரையில் நின்று கற்பிப்பது," என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பயிற்சியாளர் அதைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். யாராவது அர்த்தம் கேட்டுத் தொலைக்கப் போகிறார்களே என்று வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது.

ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினபோது அவருக்கு என்னவோ போலிருந்தது. அத்தனை கைதட்டலுக்குப் பிறகு ஒரு மனுஷனுக்கு இவ்வளவு தனிமை வரக்கூடாது.

கொஞ்ச நாளில் தலைமையாசிரியை கூப்பிட்டுவிட்டார்.

"மூணாம் வகுப்புக்கு ஆள் இல்லை சார். உங்களுக்குச் சின்னப் பிள்ளைங்கன்னா பிடிக்குமே, மாறிக்கிறீங்களா? ஏழாவதுக்கு வேற ஒருத்தரைப் போட்டுக்கறேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள சொல்லிடுங்க."

மூன்றாம் வகுப்பு! அங்கே பிள்ளைகள் இன்னும் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேள்வி கேட்கிறார்கள். வாத்தியாரின் மனசு அப்போதே அந்த வகுப்பு வாசலில் போய் நின்றுவிட்டது. ஆனால் தமயந்தியை அப்படியே விட்டுவிட்டுப் போவதா என்று ஒரு வலியும் இருந்தது.

அம்மையைக் கேட்டு முடிவு பண்ணலாம் என்று மறுநாள் காலையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மடத்துக்கு பஸ் ஏறினார்.

*

அன்று முருங்கைக்கீரை. எல்லோரும் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலையட்டும், தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று வாத்தியார் காத்திருந்தார். கூட்டம் கலைகிறதாக இல்லை. கீரையும் தீர்கிறதாக இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"என்ன வாத்தியாரே, பேசாம இருக்கீங்க?" என்றார் அம்மை.

"அம்மா, அன்னிக்குச் சொன்னீங்களே. மூணாவது கரை."

"ஆமா."

"அப்படின்னா என்னம்மா? எனக்குப் புரியலை."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "வாத்தியாருக்கே புரியலையாம்," என்று ஒரு குரல் கேட்டது.

வாத்தியாரின் காது சூடேறியது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. குனிந்து கீரையைப் பார்த்தார். ஒரே காம்பைத் திரும்பத் திரும்பக் கிள்ளினார்.

நிமிர்ந்து பார்த்தபோது அம்மை முறத்தைக் கீழே வைத்துவிட்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எத்தனை வருஷமா இங்க உக்காந்து பேசிட்டிருக்கேன்," என்றார். "எல்லாரும் தலையாட்டிட்டு எழுந்து போயிடறீங்க. நான் பேசினது யாருக்காவது எட்டுச்சா, எட்டலையான்னு எனக்குத் தெரியாது. ஒருத்தராவது புரியலைன்னு சொல்ல மாட்டீங்களான்னு நான் தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும்."

யாரும் கீரை ஆயவில்லை.

"அப்போ அதுக்கு என்னதாம்மா அர்த்தம்?"

"எனக்கும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், யாராவது மடக்குறீங்களான்னு பாக்கத்தான்."

அம்மை தன் பாயில் நகர்ந்து இடம்விட்டார்.

"இப்படி வந்து உக்காருங்க. அப்படி ஒரு கரை இருந்தா எங்க இருக்கும்னு ரெண்டு பேரும் யோசிப்போம்."

வாத்தியாருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அன்னிக்கே கேட்டிருக்கலாம்மா. இத்தனை நாள் கிறுக்கு மாதிரி ஜன்னல்ல நின்னேன்."

"ஏன் கேக்கலை?"

"சிரிப்பாங்களேன்னு."

"உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"அந்தத் தமயந்திக்கு?"

வாத்தியார் வாயைத் திறந்தார். "பன்னிரண்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மடியிலிருந்த கீரையை அள்ளி முறத்தில் போட்டுவிட்டு எழுந்தார். அம்மை விட்ட இடம் காலியாகவே இருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க வாத்தியாரே."

"கடைசி பீரியட் எனக்கு ஏழாம் வகுப்பும்மா," என்றார் அவர், செருப்பைத் தேடிக்கொண்டே.